பாதி எஞ்சின், முழுப் பெயர்

அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் என்று ஓர் ஊர். டிராக்டரும் கதிர் அறுக்கும் இயந்திரமும் செய்து பேர் வாங்கிய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை அங்கே இருந்தது. 1960ஆம் ஆண்டின் கடைசியில் அங்கிருந்து பெட்டி மாதிரி ஒரு சின்ன வண்டி வரத் தொடங்கியது. அதன் பெயர் ஸ்கவுட். வார நாளில் பண்ணை வேலை, ஞாயிற்றுக்கிழமை குடும்பம், இரண்டுக்கும் ஒரே வண்டி என்பதுதான் எண்ணம். விலை குறைவாக இருந்தால்தான் அந்த எண்ணம் பலிக்கும். சின்ன வண்டிக்கென்று புதிய எஞ்சின் வடிவமைக்கப் போனால் அந்தச் செலவு வண்டி தலையில்தான் விழும். கையில் இருந்ததோ லாரிக்கான 304 கன அங்குல எட்டு சிலிண்டர் எஞ்சின். வி வடிவத்தில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு சிலிண்டர். பொறியாளர்கள் அதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எட்டில் பாதி நான்கு, 304இல் பாதி 152. சாய்ந்த நிலையிலேயே அந்தப் பாதி எஞ்சின் ஸ்கவுட்டின் முகப்புக்குள் போய் உட்கார்ந்தது.

ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழித்து டாடா மோட்டார்ஸ் பொறியாளர்களுக்கும் இதே தலைவலி வந்தது. மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு வண்டி வேண்டும். நான்கு சக்கரம் இருக்க வேண்டும், விலை மட்டும் ஆட்டோவை ஒட்டி இருக்க வேண்டும். அவர்களிடம் இண்டிகா காரின் 1405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது. அதைப் பாதியாக்கினார்கள். இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். 2005 மே மாதம் டாடா ஏஸ் வெளிவந்தது. நம் ஊரில் அதை யாரும் ஏஸ் என்று சொல்வதில்லை, குட்டி யானை என்றுதான் சொல்கிறோம். இவர்கள் அவர்களைப் பார்த்துக் காப்பியடித்ததாகத் தெரியவில்லை. மலிவு விலையில் வண்டி செய்ய உட்கார்ந்தால் கை தானாகவே ரம்பத்தைத் தேடும் போலிருக்கிறது.

இன்று ஸ்கவுட் திரும்பி வருகிறது, மின்வண்டியாக. ஃபோக்ஸ்வாகனின் பழைய வேன் ஐடி பஸ் என்ற பெயரில் திரும்பி வந்துவிட்டது. பிரான்சில் எஸ்தாஃபெத், அமெரிக்காவில் ஹம்மர், இங்கிலாந்தில் மோரிஸ் என்று வரிசை நீள்கிறது. இவையெல்லாம் ஒரு காலத்தில் உழைக்கிற வண்டிகளின் பெயர்கள். ஹம்மர் ராணுவத்துக்கு உழைத்தது, மற்றவை ரொட்டிக்காரருக்கும் தபால்காரருக்கும் பண்ணைக்காரருக்கும். பெயரை எடுத்துவந்தவர்களில் எத்தனை பேர் அந்த ரம்பத்தையும் எடுத்துவந்தார்கள் என்பதே என் கேள்வி. மின்வண்டியில் அறுக்க வேண்டியது எஞ்சினை அல்ல, பேட்டரியை.

பெயர் என்பது எவ்வளவு மலிவான சரக்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2017இல் அம்பாசடர் என்ற பெயரைப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு விற்றது. விலை 80 கோடி ரூபாய். உத்தர்பாரா தொழிற்சாலையில் அந்தக் கார் நின்று மூன்றாண்டுகள் ஆகியிருந்த நேரம். 80 கோடி நமக்குப் பெரிய தொகை. கார்த் தொழிலில் ஒரு புது மாடலுக்கான அச்சுகள் செய்யக்கூடக் காணாது. ஸ்கவுட்டுக்காகத் தென் கரோலினாவின் பிளைத்வுட்டில் எழும் தொழிற்சாலைக்கு மட்டும் 200 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். வாங்கிய அம்பாசடர் பெயரில் பெஜோ இதுவரை ஒரு வண்டியும் விடவில்லை. பெயரை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், தொழிற்சாலையை அப்படி வைக்க முடியாது.

அலமாரியில் வைப்பதற்கும் காலக்கெடு உண்டு. அமெரிக்கச் சட்டப்படி ஒரு வணிகக்குறியைத் தொடர்ந்து மூன்றாண்டு பயன்படுத்தாமல் விட்டால் அதைக் கைவிட்டதாகக் கருத இடமுண்டு. ஐரோப்பாவில் இந்தக் கெடு ஐந்தாண்டு. பொம்மையிலோ பனியனிலோ பழைய பெயரை அச்சிட்டு நிறுவனங்கள் அதற்கு உயிர்த்தண்ணீர் ஊற்றிவருவதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. மக்கள் வைத்த செல்லப்பெயர் என்றால் சிக்கல் இன்னும் கூடும். ஃபோக்ஸ்வாகன் வேனை ஜெர்மானியர்கள் அரை நூற்றாண்டாக புல்லி என்று கொஞ்சினார்கள். அந்தச் சொல்லின் வணிக உரிமையோ பனிச்சறுக்குச் சரிவுகளைச் சமன்செய்யும் வண்டிகள் செய்கிற கேஸ்போரர் நிறுவனத்திடம் இருந்தது. தன் பிள்ளையின் செல்லப்பெயரை அதிகாரபூர்வமாகச் சொல்ல ஃபோக்ஸ்வாகன் 2007இல்தான் உரிமை பெற்றது.

ஸ்கவுட் கைமாறிய கதை இதைவிடச் சுற்றுவழி. 1980இல் வண்டி நின்றது; அதற்குள் 5 லட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள். 1980களின் நடுவில் ஹார்வெஸ்டர் நிறுவனம் கடனில் மூழ்கி விவசாய இயந்திரப் பிரிவை விற்றது. மிஞ்சிய லாரிப் பிரிவு நேவிஸ்டார் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டது. ஸ்கவுட் பெயர் அதனோடு போனது. 2021 ஜூலையில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் லாரி நிறுவனமான டிராட்டன் நேவிஸ்டாரை முழுமையாக வாங்கியது. வாங்கியது லாரித் தொழிலை. மூட்டைக்குள் பழைய பெயர் ஒன்றும் கிடந்தது. அடுத்த ஆண்டே ஸ்கவுட் மோட்டார்ஸ் அறிவிப்பு வந்துவிட்டது. 2024 அக்டோபரில் டெர்ரா என்ற பிக்கப்பையும் டிராவலர் என்ற எஸ்யூவியையும் காட்டினார்கள். தொடக்க விலை 60,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே என்றார்கள். வைக்கோல் ஏற்றியவரின் பேரன் இப்போது வழக்கறிஞராக இருந்தால் வாங்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்கவுட்டை இரண்டு வகையாகத் தருகிறார்கள். ஒன்று முழு மின்வண்டி, 350 மைல் ஓடும் என்கிறார்கள். இன்னொன்றில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்ட ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின் இருக்கும். மொத்தம் 500 மைல். அதற்குப் பேட்டரியும் சிறியது போதும். இந்த எஞ்சின் வகைக்கு வைத்திருக்கும் பெயர் ஹார்வெஸ்டர். முன்பதிவு செய்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கேட்டது இதைத்தான். மின்வண்டியாகத் திரும்பிவந்த பெயரிடம் ஜனங்கள் மறுபடியும் எஞ்சின் கேட்கிறார்கள். கம்பெனியும் அதற்குத் தாத்தாவின் பெயரையே சூட்டிக் கொடுக்கிறது.

ஃபோக்ஸ்வாகன் வேனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1947இல் பென் போன் என்ற டச்சு இறக்குமதியாளர் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குப் போனார். உள்ளே உதிரிபாகங்களை இழுத்துச் செல்ல, தொழிலாளர்களே பீட்டில் காரின் அடித்தளத்தில் ஒரு தட்டு வண்டி செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஏப்ரல் 23 அன்று தன் குறிப்பேட்டில் ஒரு படம் கிறுக்கினார். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு ரொட்டித் துண்டு. முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவே சுமை. கிறுக்கல் வேனாவதற்கு 3 ஆண்டுகள் ஆயின. பீட்டிலின் அடித்தளத்தை அப்படியே வைத்துச் செய்த முதல் மாதிரி வண்டி சோதனை ஓட்டத்தில் சுமை தாங்காமல் உடைந்தது. அடிச்சட்டத்தை மாற்றினார்கள். எஞ்சினை மாற்றவில்லை, அதே 25 குதிரைத்திறன் பீட்டில் எஞ்சின். இழுவை போதாததற்குப் போர்க்காலக் கூபெல்வாகனின் பின்சக்கரப் பல்சக்கரங்களை எடுத்து மாட்டினார்கள். வேகம் போனது, இழுவை வந்தது. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியபோது அந்த வேன் முக்கால் டன் சுமந்தது. இருக்கிற சாமானை எடுத்து இல்லாத வண்டியைச் செய்த இந்த வேலையில்தான் அதன் மலிவு இருந்தது. இரண்டு நிறம், வட்ட விளக்கு, பெரிய எழுத்து எல்லாம் பின்னால் வந்த அழகு.

பிரேசிலில் இந்த வேனுக்குக் கோம்பி என்று பெயர். உலகமே மறந்த பிறகும் அங்கே 2013 டிசம்பர் வரை செய்துகொண்டிருந்தார்கள். காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்ததும்தான் நின்றது. கடைசிவரை அது சந்தைக்கு ஓடும் வண்டியாகவே இருந்தது. அமெரிக்காவிலோ கதை முன்பே திசைமாறிவிட்டது, அதுவும் கோழியால். அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா, உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி ஆகியவற்றோடு இறக்குமதியாகும் சிறு சரக்கு வண்டிகள் மீதும் 25 சதவீத வரி போட்டது. அது 1964இல் அமலுக்கு வந்தது. மற்ற வரிகள் காலப்போக்கில் போய்விட்டன. சரக்கு வண்டி மீதான வரி நின்றுவிட்டது. ஃபோக்ஸ்வாகனின் சரக்கு வேனும் பிக்கப்பும் அந்தச் சந்தையிலிருந்து மறைந்தன, ஜன்னல் வைத்த பயணி வேன் மட்டும் தப்பியது. தப்பியதைத்தான் ஹிப்பிகள் வாங்கினார்கள். பூவும் வானவில்லும் வரைந்த அந்த வேனின் நினைவுதான் இன்று விற்பனைக்கு வருகிறது. முட்டையும் பெயின்ட் டப்பாவும் ஏற்றிய வேனுக்கு நினைவுச் சந்தையில் விலை கிடையாது.

ஐடி பஸ்ஸை 2022 மார்ச்சில் வெளியிட்டார்கள். பழைய வேன் 1956 முதல் உருவான அதே ஹனோவரில்தான் இதுவும் உருவாகிறது. சரக்கு வகையும் உண்டு. ஜெர்மனியில் 2022இல் அதன் தொடக்க விலை வரியோடு 54,430 யூரோவாக இருந்தது. அமெரிக்காவுக்கு 2024இன் கடைசியில் போனபோது பயணி வகை மட்டும் போனது, 59,995 டாலருக்கு. பேட்டரி 91 யூனிட். (மின்வாரியக் கணக்கில் நமக்குத் தெரிந்த யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி.) அரசு மதிப்பீட்டில் 234 மைல் ஓடும். கோழி வரியால் சரக்கு வகைக்கு இன்னும் கதவு சாத்தியே இருக்கிறது. அமெரிக்காவில் எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை. 2026ஆம் ஆண்டு மாடலை அங்கே அனுப்புவதில்லை என்று நிறுவனமே சொல்லிவிட்டது. வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை, ஓட்டியவர்கள் பலரும் புகழவே செய்கிறார்கள். ஆனால் பென் போனின் கிறுக்கலிலிருந்து வந்திருப்பது ரொட்டித் துண்டின் வடிவம் மட்டும்தான்.

ஹம்மரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2010இல் செத்த பெயர், 2020இல் மின் பிக்கப்பாக எழுந்தது. முதல் பதிப்பின் விலை 112,595 டாலர். எடை 4 டன்னுக்கு மேல், அதில் பேட்டரி மட்டும் 1,300 கிலோ அளவுக்கு. குட்டி யானை ஒன்றை ஏற்றியிருந்த சுமையோடு சேர்த்துத் தூக்கினாலும் அந்தப் பேட்டரியைவிட ரொம்பப் பெரிதாக இருக்காது.

பேட்டரியின் விலையை உலக அளவில் ஆண்டுதோறும் கணக்கிடுகிறது புளூம்பெர்க்கின் ஆய்வுப் பிரிவு. 2024இல் சராசரி யூனிட்டுக்கு 115 டாலர். இதை ஒரு தோராயமான அளவுகோலாக வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஹம்மரின் 200 யூனிட்டுக்கு மேற்பட்ட பேட்டரிக்கு 23,000 டாலருக்கு மேல். ஐடி பஸ்ஸுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். எஞ்சின் காலத்தில் இப்படி ஓர் ஏற்றத்தாழ்வு இருந்ததில்லை; பெரிய எஞ்சினுக்கும் சின்ன எஞ்சினுக்கும் செய்கூலியில் இவ்வளவு வித்தியாசம் வராது. பெட்ரோல் டாங்கைப் பெரிதாக்குவது கொஞ்சம் தகடு சங்கதி. மின்வண்டியிலோ பேட்டரி என்ற டாங்க்தான் வண்டியிலேயே விலை கூடிய பொருள். கூடுதலாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஷோரூமிலேயே முன்பணம் கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, அதன் எடை சுமையையும் தின்கிறது. டாடா ஏஸின் முதல் மின் வகை 2022இல் வந்தபோது அதன் சுமைத்திறன் 600 கிலோ. டீசல் ஏஸ் சுமந்தது 750.

ஃபோர்டு இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றது. லைட்னிங் என்பது 1990களில் அதன் வேகமான பிக்கப் ஒன்றின் பெயர். 2021இல் அதை மின் பிக்கப்புக்குச் சூட்டி, வேலைக்காரர்களுக்கான புரோ வகையை 39,974 டாலருக்கு அறிவித்தார்கள். 2022இல் விற்பனைக்கு வந்த ஓராண்டுக்குள் படிப்படியாக ஏற்றி 59,974 ஆக்கினார்கள். பிறகு இறக்கிப் பார்த்தார்கள். 2025 டிசம்பரில் முழு மின் லைட்னிங்கை நிறுத்துவதாகவும், அடுத்தது ஸ்கவுட்டைப் போலவே எஞ்சின் துணையோடு வரும் என்றும் அறிவிப்பு வந்தது. இடையே 2025 ஆகஸ்டில் லூயிவில் தொழிற்சாலையில் வேறொரு திட்டத்தை விளக்கினார்கள்: 2027இல் சுமார் 30,000 டாலருக்கு ஒரு நடுத்தர மின் பிக்கப். அதில் உதிரிபாகங்கள் 20 சதவீதம் குறைவு, திருகாணி போன்ற பிணைப்புகள் 25 சதவீதம் குறைவு, பேட்டரி நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் வகை. இதில்தான் ரம்பத்தின் சத்தம் கேட்கிறது. அதே ஆண்டு ரேஞ்செரோ என்ற பழைய பெயரை வணிகக்குறியாகப் பதியவும் ஃபோர்டு விண்ணப்பித்தது. ரேஞ்செரோ 1957இல் பிறந்த கதையும் ஓர் அறுப்புக் கதைதான். குடும்ப ஸ்டேஷன் வேகனின் பின்பாதிக் கூரையை நீக்கிவிட்டுச் சுமைத்தட்டு வைத்தார்கள், பிக்கப் தயார். இந்தப் புதிய வண்டிக்கே அந்தப் பெயர் வந்தால், பெயருக்கும் செயலுக்கும் பொருத்தம் இருக்கும்.

பொருத்தமே இல்லாத பெயருக்கு இங்கிலாந்து போக வேண்டும். மோரிஸ் ஜே வகை வேன் 1949 முதல் 1961 வரை தபாலும் பாலும் ஐஸ்கிரீமும் சுமந்தது. 2019இல் அதே முகத்தோடு ஒரு மின் வேனைக் காட்டினார்கள். உடல் கார்பன் இழை, விலை 60,000 பவுண்டு அளவில். பால்காரருக்குக் கார்பன் இழை!

பிரெஞ்சுக்காரர்களிடம் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். எஸ்தாஃபெத் என்றால் தூதஞ்சல் கொண்டுபோகிறவன். ரெனோவின் முதல் முன்சக்கர இழுவை வண்டி அதுதான். 1959 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எஞ்சின், டோஃபின் காரிலிருந்து கடன் வாங்கிய 845 சிசி. அதன் ஓட்டுநர் கதவு பக்கவாட்டில் நகரும். நெரிசல் தெருவில் கதவைத் திறந்து அடுத்தவர் மேல் இடிக்காமல் இறங்கலாம். 2024 செப்டம்பரில் ஹனோவர் கண்காட்சியில் புதிய எஸ்தாஃபெத்தைக் காட்டியபோது நான் தேடியது முகத்தை அல்ல, இந்த மாதிரி ஒரு கதவை. ஏமாற்றவில்லை. உயரம் 2.6 மீட்டர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து குனியாமல் நடந்து சுமைக்கூடத்துக்குள் போய்ப் பார்சலை எடுத்து இறங்கலாம். ஒரு நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறவரின் முதுகை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் இதனோடு கோயெலெத், டிராஃபிக் என்று இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்த்தார்கள். கோயெலெத் 1950களின் பெயர். டிராஃபிக் 1980இல் எஸ்தாஃபெத்துக்குப் பதிலாக வந்த வேன். ஆக, பாட்டன், தகப்பன், பிள்ளை மூவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2026 முதல் சாந்துவில் தொழிற்சாலையில் உற்பத்தி என்பது திட்டம். டிராஃபிக்குக்கு இரண்டு பேட்டரி: 450 கிலோமீட்டர் ஓடுவது ஒன்று, ஊருக்குள் ஓடுகிறவர்களுக்காக 350 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்ட இரும்பு பாஸ்பேட் வகை ஒன்று. குறைவாகக் கேட்கிறவருக்குக் குறைவாகக் கொடுக்கத் துணிவது ஐரோப்பிய நிறுவனங்களுக்குப் புதுப்பழக்கம்.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதே ரெனோவின் டுவிங்கோ சாட்சி. அது வேன் அல்ல, கார். ஆனாலும் கணக்கு ஒன்றே. 20,000 யூரோவுக்குள் விற்க வேண்டும் என்று 27.5 யூனிட் பேட்டரியோடு நிறுத்திக்கொண்டார்கள். சீனத்தில் ஒரு குழுவை அமர்த்தி இரண்டாண்டுக்குள் வடிவமைத்தார்கள். பெயர் பாரிசுடையது, வேகமும் சிக்கனமும் ஷாங்காயில் பழகியவை.

மலிவு என்ற குணத்தில் பழைய உழைப்பு வண்டிகளை ஆக நெருங்கி நிற்கும் அமெரிக்க வண்டிக்குப் பழைய பெயரே கிடையாது. 2025 ஏப்ரலில் அறிமுகமான அந்த மின் பிக்கப்பின் பெயர் ஸ்லேட். நம் பிள்ளைகள் எழுதிப் பழகிய சிலேட்டேதான். பெயின்ட் கிடையாது, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கலவைத் தகடு. ஜன்னலைக் கையால் சுற்ற வேண்டும். ரேடியோ இல்லை. 52.7 யூனிட் பேட்டரி, 150 மைல். அரசு மானியத்தைக் கழித்து 20,000 டாலருக்குள் என்று சொல்லி வந்தது. 2025 செப்டம்பரோடு அந்த 7,500 டாலர் மானியமே போய்விட, விலை இருபதுகளின் நடுவுக்கு நகர்ந்தது. இன்டியானாவின் வார்சா நகரில், பழைய அச்சகம் ஒன்றின் கட்டடத்தில் தொழிற்சாலை. ஸ்கவுட் பிறந்த ஃபோர்ட் வெய்னிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். பெயர் தென் கரோலினாவுக்குப் போய்விட்டது, வேலைத்தனம் இன்டியானாவிலேயே தங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஒன்று மட்டும்: ஸ்லேட் இன்னும் தெருவில் தேய்ந்து பார்க்காத வண்டி. வாக்குறுதிக்கும் விலைச்சீட்டுக்கும் உள்ள தூரத்தை லைட்னிங்கில் பார்த்துவிட்டோம்.

இனி நம் பக்கம். டெம்போ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்க்கில் விடால் என்ற குடும்பம் நடத்திய தொழிற்சாலையின் வணிகப்பெயர் அது. 1949இல் அவர்கள் விட்ட மெட்டடார் வேனுக்கு முதலில் எஞ்சின் கொடுத்ததே ஃபோக்ஸ்வாகன்தான். தன் சொந்த வேன் வந்ததும் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. 1958இல் இந்தியாவில் பஜாஜ் டெம்போ தொடங்கியது. ஹாம்பர்க் தொழில் 1960களில் ஹனோமாக் கைக்கும், பிறகு டைம்லர் பென்ஸ் கைக்கும் போய்க் கரைந்தது. இந்திய நிறுவனமும் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கம்பெனிகள் கைவிட்ட பிறகும் டெம்போ தமிழில் சாகவில்லை. வீடு மாற்ற வேண்டுமென்றால் "ஒரு டெம்போ சொல்லுப்பா" என்கிறோம்; வருவது எந்தக் கம்பெனி வண்டியானால் என்ன. இந்தப் பெயரை யாரும் உயிர்ப்பிக்க முடியாது, அது செத்தால்தானே. சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு வேனுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அதைப் பெயர் சொல்லித் தேடுவார் யாருமில்லை.

லூனா திரும்பி வந்ததை இந்த வரிசையில் சேர்ப்பது சரியா என்று எனக்கே தயக்கம் உண்டு, அது இரு சக்கரம். ஆனால் நம் ஊரில் பால் கேனும் காய்கறி மூட்டையும் லாரியைவிட லூனாவில் போனதே அதிகமாக இருக்கலாம். 1972இல் பிறந்த பெயர். பஜாஜ் டெம்போவைத் தொடங்கிய அதே ஃபிரோதியா குடும்பத்தின் வண்டி. 2024 பிப்ரவரியில் மின் லூனாவாக 69,990 ரூபாய்க்கு வந்தது. பேட்டரி 2 யூனிட்தான்; 150 கிலோ சுமக்கும். பழைய பெயரோடு பழைய சிக்கனமும் சேர்ந்து வந்த ஒரு வண்டியைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன்.

குட்டி யானைக்கு வருவோம். டாடாக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதை உண்டு. ஏஸை வடிவமைக்குமுன் திட்டத் தலைவர் கிரீஷ் வாக்கின் குழு ஊர் ஊராகப் போய் மூன்று சக்கர ஓட்டுநர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டதாம். நான்கு சக்கர வண்டி இருந்தால் பெண் கிடைப்பது எளிது என்றாராம் ஓர் இளைஞர். சுமைத்திறனைப் பற்றிய பதில் இல்லை, ஆனால் சந்தை ஆய்வில் இதைவிட நல்ல பதில் வராது. சுமார் இரண்டேகால் லட்சத்துக்கு ஏஸ் வந்தது. சொந்த வண்டிக்காரர் என்று ஒரு புதுக் கூட்டமே உருவானது.

2022இன் மின் ஏஸுக்கு 21.3 யூனிட் பேட்டரி, சான்றிதழ்க் கணக்கில் 154 கிலோமீட்டர். 2025 ஜூனில் ஏஸ் புரோ என்று அதைவிடச் சின்ன வண்டி வந்தது. சுமைத்திறன் பழையபடி 750 கிலோ. பேட்டரியை 14.4 யூனிட்டாக வெட்டிவிட்டார்கள். ஒரே உடலில் மூன்று வகை, அதனால் ஒப்பிட வசதி. அறிமுக விலை: பெட்ரோல் 3.99 லட்சம், கேஸும் பெட்ரோலும் 4.99 லட்சம், மின்சாரம் 6.50 லட்சம். பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, சுமை ஒன்று. பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் இடைவெளி 2 லட்சத்து 51 ஆயிரம்.

இந்த இடைவெளி எப்போது அடையும்? ஒரு மனக்கணக்குப் போடுவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 20 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். மின்வண்டி சுமையோடு உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடுகிறது, வீணாவதையும் சேர்த்து 16 யூனிட் குடிக்கிறது, யூனிட் 9 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். மிச்சம் மூன்றரை ரூபாய். இரண்டரை லட்சத்தை மூன்றரையால் வகுத்தால் ஏறக்குறைய 70,000 கிலோமீட்டர். நாளுக்கு 80 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் மூன்றாண்டு. மார்க்கெட் வாசலில் காத்துக் கிடந்து 40 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது என்றால் ஆறாண்டு. வட்டியை இதில் சேர்க்கவில்லை. இன்னொரு முரணும் இருக்கிறது. அதிகம் ஓடுகிறவருக்குத்தான் லாபம். அதிகம் ஓடுகிறவர்தான் நடுவழியில் சார்ஜ் தீருமோ என்று பயப்படுகிறார். குறைவாக ஓடுகிறவருக்குப் பயமில்லை, லாபமுமில்லை. பார்சல் கம்பெனிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுடைய வண்டி தினமும் ஒரே பாதையில் போய் இரவு ஒரே கொட்டகைக்குத் திரும்புகிறது. எத்தனை யூனிட் வேண்டும் என்று முந்தின நாளே தெரியும். மின் சரக்கு வண்டிகள் முதலில் அவர்களிடம் போனதற்கு இதுவே காரணம். தனி வண்டிக்காரருக்கு நாளைய லோடு எந்த ஊருக்கு என்று நாளைக்குத்தான் தெரியும்.

அவர் வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் கம்பெனி பொறித்த பெயர் தெரியும். முன்னால் போனால் நெற்றியில் பெயின்டரை வைத்து எழுதிய பெயர் இருக்கும், குலதெய்வமோ மகளோ. மூன்றாவது பெயர் வண்டியில் எழுதப்பட்டிருக்காது, ஆர்.சி.யில் இருக்கும். கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர். கடைசித் தவணை கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்று ஹெச்.பி. என்ற அடமானக் குறிப்பைக் கேன்சல் செய்யும்வரை அது அங்கேயேதான் இருக்கும்.